பாரம் தரும் பிடிப்பு

பிள்ளைகளே, பொறுப்பு என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் முகம் வாடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். வீட்டுக் கடன், தம்பி தங்கையின் படிப்பு, தளர்ந்துபோன பெற்றோர். இவையெல்லாம் இல்லாதிருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன் என்று சொல்லி ஏங்குகிறவர்கள் உங்களில் நிறையப் பேர். அந்த ஏக்கத்தை நான் குறைசொல்ல மாட்டேன். நானும் அதே வயதைக் கடந்து வந்தவன்தான். ஆனால் எழுபதைத் தாண்டிய பிறகு, கொச்சியின் இடப்பள்ளியில் என் வீட்டுக் கொல்லையில் ஒரு சிறிய மின்சார ரயில் எஞ்சினைச் செய்யத் தொடங்கியபோது, வாழ்க்கை எனக்கு மெல்ல மெல்லச் சொல்லித் தந்த ஒன்றை அந்த இரும்பு ஒரே நாளில் கண்முன் காட்டிவிட்டது. எடையில்லாத எஞ்சினால் எதையும் இழுக்க முடியாது.

நான் சொல்வது அலமாரியில் வைக்கும் பொம்மை எஞ்சினை அல்ல. பின்னால் கோத்த சிறு வண்டியில் ஆள் ஏறி உட்கார்ந்து போகக்கூடியது இது. நம் நாட்டு அகலப் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 1,676 மில்லிமீட்டர் இடைவெளி. என் கொல்லைப் பாதையில் அது 5 அங்குலம், அதாவது 127 மில்லிமீட்டர். ஏறத்தாழ பதின்மூன்றில் ஒரு பங்கு. இந்தப் பொழுதுபோக்கில் இறங்கியவர்கள் பல நாடுகளில் கையாளும் அளவுதான் அது. இடப்பள்ளி வழியாகப் பயணி வண்டிகளை இழுத்துச் செல்லும் டபிள்யூ.ஏ.பி-7 வகை எஞ்சினை மாதிரியாகக் கொண்டேன். அதன் நீளம் சுமார் 20.5 மீட்டர், எடை 123 டன். பதின்மூன்றில் ஒன்றாகச் சுருக்கினால் நீளம் ஒன்றரை மீட்டரைச் சற்றே தாண்டும். எடையோ நீளம், அகலம், உயரம் மூன்றிலும் சேர்ந்து குறைவதால் 2,000 மடங்குக்கும் மேல் குறைந்து 55 கிலோவை ஒட்டி வந்துவிடும். ஏறி உட்காரும் மனிதர் மட்டும் சுருங்குவதே இல்லை. எஞ்சின் சிறியது, இழுக்க வேண்டிய ஆளோ முழு ஆள். இந்த வேலையின் சோதனை அத்தனையும் அங்கேதான் இருக்கிறது.

இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். மின்சார ரயில் என்பதே உலகத்துக்கு இப்படிப்பட்ட ஒரு சிறு வண்டியாகத்தான் அறிமுகமானது. 1879 மே 31 அன்று பெர்லின் தொழிற்பொருட்காட்சியில் வெர்னர் வான் சீமன்ஸ் அதை ஓட்டிக் காட்டினார். ஓட்டுபவர் எஞ்சின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். பின்னால் மூன்று சிறு வண்டிகளில் 18 பேர். 300 மீட்டர் வட்டப் பாதையில், வேகமாக நடப்பவர் எட்டிப் பிடிக்கக்கூடிய வேகத்தில் அது சுற்றியது. நான்கு மாதங்களில் 80,000க்கும் மேற்பட்டவர்கள் அதில் ஏறிப் பார்த்தார்கள். நடுவே ஓடிய மூன்றாவது தண்டவாளத்திலிருந்து 150 வோல்ட் மின்சாரம் கிடைத்தது. 2017 ஜூனில் ஓடத் தொடங்கிய நம் கொச்சி மெட்ரோவும் பக்கத்தில் ஓடும் மூன்றாவது தண்டவாளத்திலிருந்தே 750 வோல்ட் எடுத்துக்கொள்கிறது. இடப்பள்ளி மெட்ரோ நிலைய மேடையில் நிற்கும்போது அந்தத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பொருட்காட்சி வண்டியின் வம்சம் அது.

சீமன்ஸுக்கும் முன்னால் ஒருவர் இருந்தார். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பிராண்டன் என்ற ஊரில் கொல்லர் வேலை செய்த தாமஸ் டேவன்போர்ட். 1830களில் அவர் மின் மோட்டார் ஒன்றைச் செய்து, சின்னஞ்சிறு வட்டப் பாதையில் வண்டி ஓட்டிக் காட்டினார். சுற்றிய கம்பிகள் ஒன்றையொன்று தொடாதிருக்கப் பட்டுத் துணி வேண்டியிருந்தது. அவருடைய மனைவி எமிலி தம் திருமணப் பட்டாடையைக் கிழித்துக் கொடுத்தார் என்று சொல்வார்கள். 1837இல் காப்புரிமையும் கிடைத்தது. பணம் மட்டும் வரவில்லை. அக்காலத்தில் துத்தநாகத்தைத் தின்னும் பேட்டரியிலிருந்துதான் மின்சாரம் எடுக்க வேண்டும். அந்தச் செலவோடு பார்த்தால் நிலக்கரியும் நீராவியும் மலிவு. 1851இல் அவர் காலமானார். டைனமோ வந்து மின்சாரம் மலிவாகி, பெர்லினில் ரயில் ஓட மேலும் 28 ஆண்டுகள் ஆயின. மோட்டார் தயாராக இருந்தது, உலகம் தயாராக இல்லை. நீங்கள் செய்யும் நல்ல வேலைக்கும் சில சமயம் இதுவே நேரும். பலன் உங்கள் ஆயுளுக்குள் வந்து சேராமல் போகலாம். அதற்காக வேலை பொய்யாகிவிடாது.

இனி என் கதைக்கு வருகிறேன். கோவையில் மில் வேலை பார்த்த என் தந்தை காலமானபோது எனக்கு மீசை அரும்பும் வயது. வீட்டில் அம்மாவும் எனக்குக் கீழே மூன்று பேரும். தெரிந்தவர் ஒருவர் சொல்லி, கேரளத்தில் கொச்சியை ஒட்டிய களமசேரியில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். அங்கே எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரை எல்லோரும் ஆசான் என்றே அழைப்பார்கள். லேத்தில் நிற்கும் ஆசையோடு போன என் கையில் அவர் ஓர் இரும்புக் கட்டையையும் அரத்தையும் கொடுத்தார். ஆறு பக்கமும் மட்டமாகும் வரை ராவிக்கொண்டே இருக்க வேண்டும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். இடுக்கில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தாலும் கட்டை திரும்பி வரும். ஒரு பக்கத்தைத் திருத்தினால் அடுத்த பக்கம் கோணும். உள்ளங்கை கொப்பளித்து, காய்த்து, மறுபடி கொப்பளிக்கும்.

வந்த முதல் ஆண்டு, இங்கே இடவப்பாதி என்று சொல்லும் தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்தது. மொழியும் பிடிபடவில்லை, சாப்பாடும் ஒத்துக்கொள்ளவில்லை. ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று மூட்டை கட்டிய இரவுகள் உண்டு. என்னை நிறுத்தி வைத்தது வைராக்கியம் என்று சொன்னால் அது உண்மையாகாது. மாதம் பிறந்தால் அம்மாவுக்கு மணியார்டர் போயாக வேண்டும். அந்த ஒன்றுதான் என்னை அந்தப் பட்டறை மேசையோடு சேர்த்துப் பிடித்தது. என்னோடு சேர்ந்த சிலருக்கு என்னைவிடக் கை நன்றாக ஓடும். வீட்டில் கேட்பார் இல்லாததால் முதல் சலிப்பிலேயே அவர்கள் போய்விட்டார்கள். எனக்கு வேலையைக் கற்றுக்கொடுத்தது அரம். கற்கும் வரை நிற்க வைத்தது மணியார்டர். அன்று நான் அதைச் சுமை என்றுதான் எண்ணினேன். இன்று எண்ணிப் பார்த்தால் என் கைத்தொழிலுக்கு அதுவே மூலதனம்.

நாங்கள் கோவையில் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடுவின் கதையைக் கேட்டு வளர்ந்தோம். இளமையில் ஒரு வெள்ளைக்காரரின் மோட்டார் சைக்கிளைக் கண்டவர், கோவைக்கு வந்து ஹோட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதையே வாங்கினார். வாங்கியதும் அதைப் பிரித்துப்போட்டு மறுபடி பூட்டிப் பார்த்தார். 1937இல் இந்தியாவில் உருவான முதல் மின் மோட்டாரோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் அவருடையது. இந்தக் கதையில் இளைஞர்கள் வியப்பது அந்தப் பிரித்துப் பூட்டலை. நான் மதிப்பது அதற்கு முன்னால் இருந்த ஹோட்டல் வேலையை. ஆசை எல்லோருக்கும் வரும். ஆசைக்கு விலையைக் கட்டும் வரை எச்சில் மேசையைத் துடைக்கச் சிலருக்குத்தான் மனம் வரும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். தம்பி தங்கைகள் வாழ்க்கையில் நிலைத்துவிட்டார்கள், பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள். கேட்க ஆளில்லாத நாட்கள் வந்தன. இதற்காகத்தானே இத்தனை காலம் ஏங்கினோம் என்று முதலில் மகிழ்ந்தேன். பிறகு பகல் நீண்டது, பசி குறைந்தது, காலையில் எழுவதற்கே காரணம் தேட வேண்டியிருந்தது. என் மனைவிதான் சொன்னாள்: “சும்மா இருந்து சும்மா இருந்தே உங்களுக்கு உடம்பு கெடுது. கையில ஒரு வேலையப் புடிங்க.” கொல்லைக் கொட்டகையைக் கூட்டிப் பெருக்கி அவளே சாவியைக் கொடுத்தாள். எஞ்சின் வேலை அப்படித் தொடங்கியது.

முதலில் சக்கரங்கள். மூல எஞ்சினைப் போலவே ஆறு அச்சு, பன்னிரண்டு சக்கரம். களமசேரி எச்.எம்.டி. தொழிற்சாலையில் செய்த பழைய லேத் ஒன்று தெரிந்தவர் பட்டறையில் இருந்தது. அதில்தான் கடைசல். ரயில் சக்கரத்தின் ஓடுமுகம் தட்டையாக இருக்காது, 20க்கு 1 என்ற கணக்கில் மெல்லச் சரிந்திருக்கும். வளைவில் அச்சு சற்று வெளிப்பக்கம் நகரும்போது, வெளிச்சக்கரம் தன் பெரிய சுற்றளவிலும் உட்சக்கரம் சிறிய சுற்றளவிலும் உருளும். ஆகவே வண்டி தானாகவே வளைவோடு திரும்பும். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு கடைசிக் காவல்தான். வழி நடத்துவது அந்தக் கண்ணுக்குத் தெரியாத சரிவு. தண்டனைக்கு அஞ்சி நடப்பவர் விளிம்பில் உரசிக்கொண்டே ஓடுகிறார், தேய்மானம் அவருக்கு அதிகம். இயல்பிலேயே நேர்மையைக் கடைந்து வைத்திருப்பவர் ஓசையில்லாமல் திரும்பிவிடுகிறார். பன்னிரண்டு சக்கரமும் ஒரே அளவில் அமைவதற்குள் மழைக்காலம் ஒன்று முழுவதும் போனது. போனதில் எனக்கு வருத்தமில்லை.

பிறகு சட்டம், பேரிங், செயின். இரண்டு மோட்டார்கள், ஒவ்வொன்றும் 24 வோல்ட், 250 வாட். ஒவ்வொரு மோட்டாரும் மூன்று அச்சுகளைச் செயின் வழியாகச் சுழற்றும். பெட்டி எதுவும் ஏற்றாமல் சட்டத்தை மட்டும் பாதையில் வைத்து, பேட்டரியைத் தரையில் விட்டு ஒயர் இழுத்து முதல் ஓட்டம் பார்த்தோம். பின்னால் கோத்த வண்டியில் பக்கத்து வீட்டுப் பையன் உட்கார்ந்தான். பொறியியல் படிக்கிறவன், நல்ல சூட்டிகை. கைப்பிடியைத் திருப்பினேன். சக்கரங்கள் கிர்ரென்று நின்ற இடத்திலேயே சுழன்றன, வண்டி அசையவில்லை. “அங்கிள், மோட்டார் போதாது. இன்னும் பெரிசா போடணும்” என்றான். சக்கரம் சுழல்கிறதே, மோட்டாருக்கு வலு இல்லாவிட்டால் அது எப்படிச் சுழலும் என்று கேட்டேன். சற்று யோசித்தான். பிறகு அவனே பேட்டரிகளைத் தூக்கி வந்து சக்கரங்களுக்கு நேர் மேலே வைத்தான். நான் அடித்தட்டில் கனத்த இரும்புத் தகடுகளைப் பூட்டினேன். மொத்தம் 80 கிலோ ஆயிற்று. அதே மோட்டார்கள் இம்முறை அவனையும் அவன் நண்பர்கள் இருவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயின.

அதன் கணக்கு எளியது. உலர்ந்த தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்குக் கிடைக்கும் பிடிப்பு, சக்கரத்தின் மேல் இருக்கும் எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். 80 கிலோ எஞ்சின் 16 கிலோ விசையோடு இழுக்கும். நல்ல பேரிங் பூட்டிய வண்டியைச் சமதளத்தில் உருட்ட அதன் எடையில் நூற்றில் ஒரு பங்கு விசை போதும். அதனால்தான் அந்தச் சிறு எஞ்சின் தன்னைப்போல் பல மடங்கு எடையைக் கூட்டிச் செல்கிறது. எடை குறைந்தால் மோட்டார் எவ்வளவு பெரிதானாலும் அது வெறும் சுழற்சிதான்.

இதில் நுட்பம் ஒன்று உண்டு, அதைக் கவனமாகக் கேளுங்கள். எல்லா எடையும் பிடிப்பைத் தருவதில்லை. மோட்டார் சுழற்றும் சக்கரத்தின் மேல் உட்காரும் எடையே பிடிப்பாகிறது. சும்மா உருளும் சக்கரத்தின் மேல் ஏறும் எடை வெறும் இழுவை. அந்தப் பேட்டரிகளையும் தகடுகளையும் பின்வண்டியில் வைத்திருந்தால் எங்கள் எஞ்சின் இன்னும் மோசமாக வழுக்கியிருக்கும். எடை அதே எடைதான், வைத்த இடம் வேறு. இது என் கடமை என்று நீங்களே விரும்பித் தோளில் ஏற்றிக்கொண்ட பொறுப்பு உங்களை ஊன்ற வைக்கும். அதே பொறுப்பை முணுமுணுத்துக்கொண்டு பின்னால் கட்டி இழுத்தால் அது உங்களைப் பின்னுக்கே இழுக்கும். சுமையின் அளவை நாம் தேர்ந்தெடுக்க முடியாமல் போகலாம். அதை எங்கே ஏற்றுவது என்பது நம் கையில்.

நம் இடப்பள்ளி வழியாகப் போகும் பாதையின் வரலாறும் இப்படிப்பட்டதுதான். ஷொர்ணூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு 1902இல் ரயில் வந்தது. கொச்சி அரசின் கருவூலத்தில் அதற்குப் போதிய பணமில்லை. அப்போது ஆண்ட ராஜரிஷி ராமவர்மா, திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் கோயிலின் 15 தங்க நெற்றிப்பட்டங்களில் 14ஐ விற்றுப் பணம் சேர்த்தார் என்று இந்த ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். இறைவனுக்குரிய அணியை ஊருக்கான இரும்பாக மாற்றும் முடிவை எடுக்க எத்தனை மனவலு வேண்டும்! அந்த முடிவின் கனத்தை அவர் பிறர் மேல் இறக்கவில்லை. பின்னாளில், 1914இல், அவர் அரசையே துறந்துவிட்டார், ஆனாலும் அவர் போட்ட பாதையின் வழியில் இன்றும் வண்டிகள் ஓடுகின்றன.

சுமை மிகுந்தவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். தண்டவாளம் நனைந்தால் பிடிப்பு பாதியாகக்கூடக் குறையும். மழை நாளில் என் எஞ்சினை மேட்டில் ஏற்ற மாட்டேன். பெரிய எஞ்சின்கள் அப்போது சக்கரத்தின் முன்னால் மணலைத் தூவிக்கொண்டு போகும். நீலகிரி மலை ரயிலைப் பாருங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12 அடிக்கு ஓரடி என்னும் அளவுக்கு ஏற்றம். அங்கே எடை மட்டும் காப்பாற்றாது. நடுவில் பல் தண்டவாளம் பதித்து, அதில் பல்சக்கரத்தை மாட்டி ஏற்றினார்கள். ஏற்றம் மிஞ்சும்போது துணையைத் தேடுவது பலவீனமல்ல. பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ போய், என்னால் தனியாக முடியவில்லை என்று சொல்லுங்கள். தாங்குவது என்றால் வாய்மூடித் தாங்குவது என்று பொருளல்ல.

தொடக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிற்கும் மோட்டார்தான் மிக அதிக மின்சாரத்தை இழுக்கும். சுழலத் தொடங்கிய பிறகே, எதிர்த்துத் தள்ளும் மின்னழுத்தம் அதற்குள் உருவாகி மின்னோட்டம் தணியும். ஆகவே நின்ற வண்டியைச் சட்டென்று முழு வேகத்துக்குத் திருப்பினால் பியூஸ் போகும், அல்லது மோட்டாரின் சுருள் கருகும். ஸ்டேஷனில் நீண்ட வண்டி ஒன்று புறப்படுவதைப் பாருங்கள். லோகோ பைலட் அவசரப்படுவதே இல்லை. புது வேலை, புது ஊர், புது மணவாழ்க்கை எதுவானாலும் முதல் ஆண்டுதான் மனிதரை அதிகம் சூடாக்குகிறது. அந்த ஆண்டை வைத்து முழு வாழ்க்கையையும் எடை போட்டுவிடாதீர்கள். மெல்ல நகருங்கள். நகர்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

செய்து முடிப்பதைவிடப் பேணுவது கடினம் என்பதை இந்தக் கடற்கரை ஊர் எனக்கு நாள்தோறும் சொல்கிறது. உப்புக் காற்றும் ஈரமும் இரும்பை விடாது. ரெட் ஆக்சைடு பூசிய இடத்திலும் ஒரு கீறல் கிடைத்தால் துரு நுழைந்துவிடும். ஓட்டாத நாளிலும் எண்ணெய்த் துணியால் துடைத்துத்தான் வைக்கிறேன். உறவும் உடம்பும் கற்ற கலையும் இந்தத் துடைப்பை எதிர்பார்க்கின்றன.

ஆசை வந்து நீங்களும் இதில் இறங்கினால் ஒன்றை மறக்காதீர்கள். வீட்டு மின்சாரத்தை ஒருபோதும் தண்டவாளத்தில் விடாதீர்கள். 24 வோல்ட் பேட்டரியே போதும், அதற்கும் பியூஸ் வேண்டும். உண்மையான பாதையின் மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் இருக்கிறது. அதைத் தொட வேண்டியதில்லை, அருகில் போனாலே பாய்ந்துவிடும். ஒரு படத்துக்காக வண்டிக் கூரையில் ஏறி உயிரிழந்த இளம் பிள்ளைகளைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் என் நெஞ்சு பதைக்கிறது. துணிவு வேறு, அலட்சியம் வேறு. உங்களைப் பெற்றவர்களுக்கு நீங்கள் ஒருவரே.

பெரிதாகத் தொடங்க வேண்டாம். உங்கள் ஊரிலும் ஒரு லேத் பட்டறை இருக்கும். அங்கே நின்று பாருங்கள், வணங்கிக் கேளுங்கள், ஒரு சக்கரத்தைக் கடையக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டாவது சக்கரம் முதலாவதோடு ஒத்துப்போகும் வரை விடாதீர்கள். பன்னிரண்டும் ஒத்துவந்து எஞ்சின் எழுந்து நிற்கும் நாளில், உங்களை நம்பி ஒரு குழந்தை பின்வண்டியில் ஏறி உட்காரும். அந்தக் குழந்தையைப் பத்திரமாகச் சுற்றிக் கொண்டுவந்து இறக்கிவிடும் கை உங்களுடையதாக இருக்கும். அப்படிப்பட்ட கையை வாழ்க்கையில் எவரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.